செவ்வந்திக்குப் பிறந்த பத்தொன்பது

அல்போன்சம்மாள் கப்பலில் ஏறியது வாழ்நாளில் ஒரே முறைதான். நாகப்பட்டினத்தில் ஏறி, பன்னிரண்டு வயதில், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூரில் இறங்கினாள். அதற்குப் பிறகு கடலைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் எழுபதுகளின் நடுவில் யாராவது கேட்டிருந்தால் ஒரு டஜன் கப்பல்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள். 'ஹன்சா மரியா' ஜெர்மனிக்குப் போவது. அதில் இரண்டு இருந்தன, இரண்டும் சாம்பல் நிறம். 'வெஸ்டர்ன் லில்லி'யில் கால் மட்டும் வெள்ளையான கறுப்பு. 'கடல் ராணி'யில் மூன்று, பம்பாய்க்கு. எல்லாம் அவள் வீட்டுப் பூனை செவ்வந்தி போட்ட குட்டிகள்.

கணவர் அற்புதராஜ் துறைமுகக் கிடங்கில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. தஞ்சோங் பகாரில் துறைமுகக் குவார்ட்டர்ஸ், முதல் மாடி, ஒரு கூடம், ஓர் அறை. அவள் காலையில் பஸ் பிடித்துச் சிராங்கூன் ரோட்டுக்குப் போவாள். அங்கே முத்துசாமி தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. வாழ்க்கை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லாததுபோல.

குறை இருந்தது. மூன்று முறை வயிற்றில் தங்கி மூன்றும் நிலைக்கவில்லை. கடைசியாகப் பிறந்தவன் ஏழாம் மாதத்தில் வந்துவிட்டான். ஒரு மணி நேரம் இருந்தான். வார்டிலிருந்த நர்ஸ் அவசரமாக நெற்றியில் தண்ணீர் ஊற்றி எட்மண்ட் என்று பெயர் வைத்தாள். அறுபத்தொன்பதில் மறுபடி உதிரப்போக்கு நிற்காமல் போனபோது, கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எடுத்தார்கள். உயிர் தங்கியது. அதற்கப்புறம் கணவனும் மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எழுபத்து நான்காம் வருட மழைக்காலத்தில் செவ்வந்தி வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நனைந்துபோய் உட்கார்ந்திருந்த அரைக்குட்டி. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறம்; இந்த ஊர்ப் பூனைகளுக்கே உரிய, நுனியில் முடிச்சு விழுந்த குட்டை வால். அல்போன்சம்மாள் துண்டால் துடைத்து, இக்கான் பிலிஸ் நெத்திலியைச் சோற்றில் பிசைந்து வைத்தாள். அவ்வளவுதான், பூனை வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டு துணிக்கூடைக்குள், அவளுடைய பழைய நூல் புடவைமேல், செவ்வந்தி நான்கு குட்டி போட்டாள். அல்போன்சம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கண் திறக்காத குட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பால் வாசனை. அந்த ஆறேழு வாரமும் வீட்டில் காலை வைக்க இடமில்லை. ஒன்று திரைச்சீலையில் தொங்கும், ஒன்று அற்புதராஜின் சப்பாத்துக்குள் தூங்கும். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே அவளுக்குக் கை பரபரக்கும்.

ஆனால் ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீட்டில் ஐந்து பூனை வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டார் முணுமுணுத்தார்கள். குட்டிகள் சோறு தின்னத் தொடங்கியதும் அற்புதராஜ் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார்.

"கப்பல்காரங்களுக்குக் கொடுத்துடறேன். கப்பல்ல எலி ஜாஸ்தி. பூனைன்னா ராஜ மரியாதை."

அன்று சாயங்காலம் அவர் வரும் வரைக்கும் அவள் வாசலிலேயே நின்றாள். "எந்தக் கப்பல்ங்க?"

"ஒரு கிரேக்கக் கப்பல். அந்த மஞ்சளை சமையல்காரன் பார்த்ததும் தூக்கிக்கிட்டான். சட்டைப்பைக்குள்ளயே போட்டுக்கிட்டு ஏணியில ஏறினான்."

"மத்ததெல்லாம்?"

"அதுங்களும் போயிருச்சு."

அப்படித்தான் தொடங்கியது. செவ்வந்தி மறுபடி குட்டி போட்டாள். மறுபடியும். ஆண்பூனைகள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து ஊளையிடுவதும், சண்டை போட்டு ரத்தம் சொட்டச் சொட்ட ஓடுவதும், வாசற்கதவில் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போவதும் வாடிக்கையாயின. செவ்வந்திக்கு இடுப்பெலும்பு தெரிந்தது. ஒவ்வொரு முறை பெட்டி போகும்போதும் அல்போன்சம்மாள் கப்பல் பெயரைக் கேட்டு வாங்கி மனசுக்குள் வைத்துக்கொள்வாள். அது எங்கே போகும் என்று கேட்பாள். கடையில் காஜா எடுக்கும்போது திடீரென்று, இந்நேரம் அந்தக் கறுப்பு பனியைப் பார்த்திருக்குமோ என்று நினைப்பாள். காணாத ஊர்களிலெல்லாம் அவளுக்கு ஆள் இருந்ததுபோல் ஓர் ஆறுதல். ஆறுதலோடு சேர்ந்தே வரும் ஓர் ஏக்கம். திரும்பி வரும் கப்பல் எதிலாவது ஒரு முறை, ஒரே ஒரு முறை, பார்க்க முடியாதா?

எதிர்வீட்டுப் பூவம்மா ஒருநாள் நேராகவே சொன்னாள். "அக்கா, இதுக்கு ஒரு ஆபரேஷன் இருக்காம்லா. என் முதலாளியம்மா நாய்க்குப் பண்ணாங்க. பண்ணிவிட்டா குட்டியே போடாது. நீங்களும் நிம்மதியா இருக்கலாம், அதுவும் நிம்மதியா இருக்கும்."

அல்போன்சம்மாள் முகம் சுண்டிப்போனது. "எனக்கு வந்தது போதும் பூவம்மா. அவளுக்கும் என் கையால பண்ணச் சொல்றியா? அவளுக்காவது கிடைக்குதே."

பூவம்மா தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

எழுபத்தேழாம் வருடம், ஈஸ்டர் ஞாயிறு மதியம். அற்புதராஜின் நண்பர் நூர்தீன் சாப்பிட வந்திருந்தார். துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகு ஓட்டுபவர்; அவர் ஏறாத கப்பல் இல்லை. செவ்வந்தியின் ஐந்தாவது ஈற்று, மூன்று குட்டிகள், மேசைக்கடியில் அவர் காலைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தன. அல்போன்சம்மாள் கோழிக்கறியை அவர் தட்டில் வைத்துக்கொண்டே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அண்ணே, கப்பல்ல பூனைங்களை எங்க படுக்க வைப்பாங்க? சமையல் கட்டுலயா?"

நூர்தீன் சிரித்தார். "பூனையா? அதெல்லாம் அந்தக் காலம் தங்கச்சி. இப்ப கன்டெய்னர் கப்பல். நோய்த்தடுப்பு, அது இதுன்னு ஆயிரம் ரூல்ஸ். நான் பூனையைக் கப்பல்ல பார்த்து மூணு வருசம் இருக்கும். எவனும் எடுக்க மாட்டான் லா."

அவள் கணவரைப் பார்த்தாள். அற்புதராஜின் கை சோற்றில் அப்படியே நின்றிருந்தது. நூர்தீனுக்குத் தான் எதையோ உடைத்துவிட்டது புரிந்தது. பாயசத்தைக் கூடக் குடிக்காமல் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அற்புதராஜ் எச்சில் தட்டுகளை எடுத்துப்போய்க் குழாயடியில் நின்றார். அவளைப் பார்க்காமலேயே பேசினார்.

"அந்த மஞ்சள் மட்டும் நிஜமாப் போச்சு அல்போன்சா. அது சத்தியம். மத்ததை எவனும் வாங்கல. பெட்டியோட திரும்பி வரலாம்னுதான் பார்த்தேன். நீ வாசல்ல நிப்பியே, உன் முகத்தை எப்படிப் பார்க்கிறது? கிடங்குக்குப் பின்னாடி விட்டுட்டு வந்துட்டேன். எலி இருக்கு, பொழைச்சுக்கும்னு நினைச்சேன்."

"பொழைச்சுதுங்களா?"

அவர் குழாயை மூடினார். "லாரி போற இடம். நாய் வேற. மூணாவது தடவைக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறதை விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய கப்பல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இல்லாமல் போயின. பதினாறு குட்டிகளில் பதினைந்து. ஹன்சா மரியாவின் சாம்பல் இரண்டும், பனியைப் பார்த்திருக்கும் என்று அவள் நினைத்த கறுப்பும்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், "அந்த இடத்தைக் காட்டுங்க" என்றாள். அவர் மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கிடங்கின் பின்வேலி ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த தரையில், உடைந்த மரப்பலகைகள் குவிந்திருந்த இடம். ஒரு லாரி போனது. புழுதி அடங்கியதும் பலகைக்கு நடுவிலிருந்து ஒரு பூனை தலையை நீட்டியது. மூன்று நிறம். முடிச்சு விழுந்த குட்டை வால். ஒரு காது பாதி இல்லை. விலா எலும்பை எண்ணலாம், ஆனால் வயிறு பானைபோலப் பெருத்திருந்தது.

"வா… வாம்மா…" என்று அல்போன்சம்மாள் குந்தி உட்கார்ந்து கை நீட்டினாள். அவள் மடியில் தவழ்ந்த குட்டியாகத்தான் இருக்க வேண்டும். அது அவளை அடையாளம் தெரியாமல் பார்த்து, சீறி, பலகைக்குள் புகுந்துகொண்டது.

அங்கேதான் அவள் அழுதாள். அற்புதராஜ் பக்கத்தில் நின்றாரே தவிர தொடவில்லை. எழுந்தபோது சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "மூணு குட்டியையும் நான்தான் கொடுப்பேன். என் கண்ணுக்குத் தெரிஞ்ச வீட்டுக்குத்தான் கொடுப்பேன். அப்புறம் செவ்வந்தியைக் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே செய்தாள். ஒன்று முத்துசாமி கடைக்குப் போயிற்று. துணிக்கட்டுகளை எலி கடிப்பதாக அவர் புலம்பிக்கொண்டிருந்தார். ஒன்று கோயிலில் மெழுகுவத்தி விற்கும் கிழவருக்கு. மூன்றாவதை மலாய்க்காரி நஃபீசா வாங்கிக்கொண்டாள், கீழ்வீட்டுக்காரி. மூன்று பேரிடமும் அல்போன்சம்மாள் ஒரே வார்த்தைதான் வாங்கினாள்: ஆறு மாதம் ஆனதும் ஆபரேஷன்.

செவ்வந்தியைப் பிரம்புக் கூடையில் வைத்து, மேலே துண்டு, துண்டுக்கு மேலே ஒரு கட்டு காங்கோங் கீரை போட்டு மூடி, பஸ் ஏறினாள். பாதி வழியில் கீரை 'மியாவ்' என்றது. கண்டக்டர் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார்.

மருத்துவர் ஓங் என்ற சீனப்பெண், முப்பது வயதிருக்கும். இருவருக்கும் பொதுவான பேச்சு மலாய்தான். செவ்வந்தியைத் தூக்கிப் பார்த்தவர், "இந்த வயசுக்குள் ஐந்து ஈற்றா? இவள் தின்பதெல்லாம் குட்டிகளுக்கே போகிறது. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை" என்றார். பால் வற்றட்டும், இரண்டு வாரம் நன்றாகத் தீனி போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து கூட்டி வாருங்கள் என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. மடியில் கட்டி வருவதும் குறையும். முதல் பருவத்துக்கு முன்பே செய்திருந்தால் இன்னும் நல்லது. ஊளை இருக்காது, வாசலில் கடுவன்களின் சண்டை நடக்காது, வெளியே அலைந்து வண்டியில் அடிபடவும் மாட்டாள்.

அல்போன்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்க வந்தது வேறு. கூடையின் பிரம்பை நெருடிக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் அவளுக்கு ஏக்கம் இருக்காதா டாக்டர்? குட்டி வேணும்னு?"

ஓங் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பருவம் வந்தால் உடம்பு அவளைத் தள்ளுகிறது. ஆசை என்று நாம் நினைக்கிறோம், அவளுக்கு அது பசி மாதிரி. அது நின்றுவிட்டால் சாப்பிடுவாள், வெயிலில் படுப்பாள். எனக்குக் குட்டி இல்லையே என்று பூனை உட்கார்ந்து நினைக்காது."

அல்போன்சம்மாள் தலையை ஆட்டினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நினைத்துக்கொண்டிருந்தது தான் மட்டும்தான் என்பது, ஆறுதலா வலியா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன். வெளி பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அற்புதராஜ் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் வெளியே வந்து, கர்ப்பப்பையின் ஒரு பக்கம் ஏற்கெனவே கெடத் தொடங்கியிருந்தது, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

அதைக் கேட்டதும் அற்புதராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் அன்னைக்கு இதேதான் சொன்னாங்க. நான் இப்படித்தான் ஒரு பெஞ்சில உட்கார்ந்திருந்தேன்" என்றார். எட்டு வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. "எனக்கு நீ பொழைச்சா போதும்னு இருந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லவே இல்ல."

மயக்கம் தெளியாத செவ்வந்தியை அல்போன்சம்மாள் வாங்கி, மயிர் மழித்த வயிற்றிலிருந்த தையலைக் குனிந்து பார்த்தாள். "நல்ல கை. இழை இழையாப் போட்டிருக்காங்க" என்றாள் தையற்காரி. தையலை நக்காமலிருக்க, கடையில் மிஞ்சிய லைனிங் துணியில் நான்கு கால் விட்டு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். செவ்வந்தி இரண்டு நாள் அந்தச் சட்டையோடு கோபமாக நடந்தாள். பத்தாம் நாள் தையல் பிரித்தாயிற்று. மூன்று மாதத்தில் எலும்பு மறைந்து, ரோமம் பளபளவென்று ஆனது. வாசலில் ஊளை நின்றது.

கிடங்குப் பூனையை அப்படியே விட்டுவிடவும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் போய்க் கருவாட்டுத் துண்டு வைத்தாள். அதன் குட்டிகளில் இரண்டுதான் மிஞ்சின. இரண்டுக்கும் வீடு பிடித்தாள். நூர்தீன், தன் வாயால் வந்த வினை என்று நினைத்தாரோ என்னவோ, மீன் வலையோடு வந்து தாயைப் பிடித்துக் கொடுத்தார், கையெல்லாம் கீறல். அதுவும் ஓங்கிடம் போய் வந்தது. வீட்டுக்குள் இருக்க அதற்குப் பிடிக்கவில்லை. மறுபடி கிடங்குப் பக்கமே விட்டார்கள். அதற்கப்புறம் அந்த வேலி ஓரத்தில் புதுக் குட்டிச் சத்தம் கேட்கவில்லை. நூர்தீன் தன் படகுத்துறையில் அதற்குச் சோறு வைத்தார். கடைசிவரை அது அல்போன்சம்மாளைத் தொடவிடவில்லை.

பிறகு பூவம்மாவின் கடுவன் டைகர். வாரம் ஒரு முறை காது கிழிந்தோ சீழ் வைத்தோ வரும். பூவம்மாவின் புருஷன் குதித்தார். "ஆம்பளையைப் போய் அப்படிப் பண்ணலாமா? பாவம் லா!"

"பாவம்னா நீங்க மருந்து போடுங்க அண்ணே, ஒவ்வொரு வாரமும்" என்றாள் அல்போன்சம்மாள். அடுத்த சனிக்கிழமை அவரே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டைகர் சண்டைக்குப் போவதை விட்டது, கதவில் பீய்ச்சுவதை விட்டது, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது. நஃபீசா தன் பூனையைக் கொண்டுவந்தாள். அவள் சொல்லி இன்னும் இருவர். தேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரம்மா. கோயிலில் ஒரு டீச்சர் தன் நாயை. அல்போன்சம்மாளுக்குச் சனிக்கிழமை என்றால் கூடைதான்.

எண்பத்து மூன்றில் குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள் என்று கிளமெண்டியில் வீடு கிடைத்தது. பதினோராவது மாடி. அரசாங்க மாடி வீட்டில் பூனை வைக்கச் சட்டமில்லை என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். செவ்வந்தியைத் தையல் மிஷினுக்கடியில் வைத்து வேனில் ஏற்றினார்கள். ஊளையில்லாத, வெளியே போகத் துடிக்காத பூனை. நான்கு வருடம் அந்தத் தளத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்த மீதிப் பேர் மீன் தலை கொண்டுவந்து கொடுத்தார்கள். எண்பத்தேழில், பதின்மூன்று வயதில், ஜன்னலோர வெயிலில் தூங்கியபடியே போய்விட்டாள்.

அந்த வருடக் கடைசியில் ஆறாவது மாடியிலிருந்து ஜோன் என்ற பெண் கதவைத் தட்டினாள். இளம் டீச்சர், கோயிலில் பழக்கம். கையில் ஒரு வெள்ளைப் பூனை.

"ஆன்ட்டி, நீங்கதான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவீங்களாம். ஆனா என் மக ஒரு தடவையாவது குட்டி பார்க்கணும்னு அழுறா. ஜஸ்ட் ஒன் டைம். அப்புறம் பண்ணிடலாமா?"

அல்போன்சம்மாள் அவளை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தாள். துணிக்கூடையைப் பற்றிச் சொன்னாள், கிடங்குப் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னாள், எதையும் மறைக்காமல். ஜோன் கோப்பியைக் குடிக்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு ஆசையில்லையா ஆன்ட்டி? மறுபடி குட்டியை எல்லாம் கையில வச்சுப் பார்க்கணும்னு?"

"இருக்கும்மா." அல்போன்சம்மாள் வெள்ளைப் பூனையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சில நாள் காலையில எழுந்திருக்கும்போது உள்ளங்கையில அந்தச் சூடு அப்படியே இருக்கும். அந்த ஆசை என்னோடயே இருக்கட்டும். அதுக்கு இது ஏன் பெத்துப்போட்டு மெலியணும்?"

பூனை அவள் புடவை மடிப்பைப் பிசைந்துவிட்டுச் சுருண்டு படுத்தது. அவள் அதன் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆறு மாசம் ஆச்சில்ல? முந்தின நாள் ராத்திரியிலேருந்து ஒன்னும் கொடுக்காதே. சனிக்கிழமை எட்டரைக்குக் கீழ வா" என்றாள். "மகளையும் கூட்டிட்டு வா. அவ கூடையைப் பிடிச்சுக்கட்டும்."